உப்பு வித்தவங்க கதை

ரொம்ப நாளா டிராஃப்ட்லயே கெடந்த பதிவு இது. கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்து வெச்சுக்கிட்டு உக்காருங்க.

சமையல்கட்டுல இருக்கிற சாமான்லயே விலை மலிஞ்சது எது? சந்தேகமே இல்லாம உப்புதான். எங்க ஊர்ப் பக்கம் மளிகைக் கடைக்காரர் ராத்திரி கடையைப் பூட்டும்போது உப்பு மூட்டையை மட்டும் வெளிய திண்ணையிலயே விட்டுட்டுப் போவார். யாரும் தூக்க மாட்டாங்க. திருடறதுக்குக் கூட லாயக்கில்லாத விலை.

அந்த உப்புல கொஞ்சம் மிளகாய்த்தூள், கொஞ்சம் பூண்டுப் பொடி, இன்னும் நாலஞ்சு சாமானைக் கலந்து ஒரு டப்பாவுல அடைச்சுட்டா அதுக்கு அமெரிக்காவுல 'சீசன்ட் சால்ட்'னு பேரு. நாம மசாலா உப்புன்னு வெச்சுக்குவோம். விலை வெறும் உப்பை விடப் பல மடங்கு. நமக்கு விஷயம் புதுசில்ல. மாங்காய்க் கீத்துலயும் கொய்யாவுலயும் உப்பு மிளகாய்த்தூள் தொட்டுத் தின்ன கூட்டம்தான் நாம. ஆனா அதையே ஒருத்தர் டப்பாவுல போட்டு வித்தா வாங்குவோமா? "ஏன், எங்க வீட்டுல உப்பு இல்லையா?"ன்னு கேட்டுட்டுப் போயிடுவோம்.

அங்கதான் எனக்கு இந்த வியாபாரத்து மேல ஆர்வம் வந்துது. மூலப்பொருள் எல்லார் வீட்டுலயும் இருக்கு. செய்முறைன்னு பெருசா ஒண்ணும் இல்ல, கலக்கறதுதான். அடுப்பு கூடப் பத்த வைக்க வேணாம். அப்போ இதை விக்கறவர் கையில சொந்தம்னு சொல்லிக்க என்னதான் இருக்கு? மூணு பேரோட கதையைப் பார்த்தா இதுக்குப் பதில் கிடைக்கும். ஒருத்தர் ஹோட்டல் முதலாளி, ஒருத்தர் உயிர் பிழைக்க ஓடி வந்தவர், ஒருத்தர் ரிட்டயர் ஆன தாத்தா.

முதல்ல உப்பு உதிரணும்

மூணு பேருக்கும் முன்னாடி ஒரு சின்ன டெக்னிக்கல் மேட்டர். (பொட்டி தட்டறவன் பதிவுல இது கூட இல்லைன்னா எப்படி?)

உப்பு காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்துல நம்ம வீட்டு உப்பு ஜாடி தண்ணி விட்டுக்கறது இதனாலதான். அப்படிப்பட்ட உப்பை ஓட்டை போட்ட டப்பாவுல அடைச்சா கட்டி தட்டி நின்னுடும், தூவ முடியாது. அதுலயே வெங்காயப் பொடி, பூண்டுப் பொடின்னு ஈரம் குடிக்கற சாமானையும் சேர்த்தா கேக்கவே வேணாம், ஒரு வாரத்துல செங்கல்.

1911ல அமெரிக்காவுல மார்ட்டன் சால்ட் கம்பெனி உப்போட கொஞ்சம் மெக்னீசியம் கார்பனேட் கலந்தாங்க. அது ஈரத்தைத் தான் வாங்கிக்கிட்டு உப்பை உதிரியா வெச்சிருக்கும். மழையிலயும் கொட்டும் உப்புன்னு சொல்லி 1914ல இருந்து குடை புடிச்ச சின்னப் பொண்ணு படத்தைப் போட்டு விளம்பரம் பண்ணினாங்க. குடைக்காரப் பொண்ணு இன்னிக்கும் அந்த டப்பாவுல நடந்துக்கிட்டுதான் இருக்கா.

இப்படி உதிரி உப்பு மலிவா கிடைக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான், மேஜையில வெச்சுத் தூவற மசாலா உப்பு ஒரு வியாபாரமா ஆக முடிஞ்சுது.

டப்பாவைத் திருடின வாடிக்கையாளர்கள்

முதல் ஆள் லாரன்ஸ் ஃபிராங்க். லாஸ் ஏஞ்சலஸ்காரர். 1915லயே தன் மச்சான் தியோடர் வான் டி கேம்ப்போட சேர்ந்து உருளைக்கிழங்கு சிப்ஸ் கடை போட்டவர். அது பின்னால பெரிய பேக்கரிக் கம்பெனியா வளந்துது. 1938ல வால்டர் வான் டி கேம்ப்போட சேர்ந்து பெவர்லி ஹில்ஸ்ல ஒரு ஹோட்டல் திறந்தார். லாரன்ஸைச் சுருக்கி 'லாரீஸ்'னு பேரு. மெனு கார்டுல ஒரே ஒரு மெயின் ஐட்டம்தான்: மாட்டு விலாக்கறி ரோஸ்ட். வேற எதுவும் கிடையாது. அந்தக் காலத்துல இதுக்குப் பெரிய தைரியம் வேணும்.

அந்த ரோஸ்ட்டுக்குன்னே அவர் ஒரு உப்பு கலந்தார். மேஜை மேல ஒரு குட்டி டப்பாவுல இருக்கும். வந்தவங்க சாப்பிட்டு முடிச்சுக் கிளம்பும்போது டப்பாவும் காணாமப் போகும்! சரி, திருடறதை விட வாங்கிக்கட்டும்னு வாசல்ல விக்க ஆரம்பிச்சு, அதுவே கடைகளுக்குப் போய், ஹோட்டலை விடப் பெரிய தொழிலாச்சுன்னு அந்தக் குடும்பத்துல சொல்ற கதை. நம்ம ஊர்த் திண்ணை மூட்டையை நினைச்சுப் பாருங்க. வெறும் உப்பா இருந்தவரைக்கும் தூக்க ஆள் இல்ல. ஒருத்தர் கைப்பக்குவம் அதுல சேர்ந்ததும் கோட் சூட் போட்ட கனவான்களே பாக்கெட்ல போட்டுக்கிட்டாங்க.

அந்த டப்பாவோட லேபிள்ல உப்பு, சர்க்கரை, பாப்ரிகா (காரமில்லாத சிவப்பு மிளகாய்ப் பொடி), வெங்காயம், பூண்டு எல்லாம் இருக்கும். கூடவே நம்ம மஞ்சளும்! இந்த மஞ்சள் ஏன் லேபிள்ல தனியா பேரோட வந்து நிக்குதுங்கறதுக்கு ஒரு காரணம் இருக்கு. கொஞ்சம் கழிச்சு வர்றேன்.

ஒரு அரவை மெஷினோட வந்தவர்

லாரீஸ் திறந்த அதே 1938. இந்தப் பக்கம் ஜெர்மனி.

குஸ்டாவ் புருன்னுன்னு ஒருத்தர். யூதர். வெர்ட்ஹைம்ங்கற சின்ன ஊர்ல மசாலா மொத்த வியாபாரம். சாசேஜ் போடற இறைச்சிக் கடைக்காரங்களுக்கு மிளகு, ஜாதிக்காய், மல்லி இதெல்லாம் கலந்து கொடுக்கறதுதான் தொழில். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பிறகு யூதர் கடையில வாங்கக் கூடாதுன்னு நெருக்கடி. சின்ன ஊர்ல பிழைக்க முடியாம ஃபிராங்ஃபர்ட் போனார். அங்கேயும் விடல.

1938 நவம்பர் 9, 10 தேதிகள்ல ஜெர்மனி முழுக்க யூதர்களோட கடைகளையும் வழிபாட்டு இடங்களையும் உடைச்சு எரிச்சாங்க. உடைஞ்சு கெடந்த கண்ணாடியை வெச்சு அதுக்கு 'கிறிஸ்டல்நாக்ட்'னு பேரு. ஏறக்குறைய 30,000 யூத ஆண்களைப் பிடிச்சு முகாம்களுக்கு அனுப்பினாங்க. புருன் போய்ச் சேர்ந்த இடம் புக்கன்வால்ட். நாட்டை விட்டே போயிடறோம்னு பேப்பர் காட்டறவங்களை அந்தக் கட்டத்துல வெளிய விட்டுக்கிட்டு இருந்தாங்க. இவங்க குடும்பம் ஏற்கெனவே அமெரிக்க விசாவுக்கு முயற்சி பண்ணிக்கிட்டு இருந்தது நல்லதாப் போச்சு. மனைவி ஒரு வக்கீலைப் பிடிச்சு, பணம் கொடுத்து, அவரை வெளிய கொண்டு வந்தார். போர் ஆரம்பிச்ச பிறகு இந்த மாதிரிக் கதவெல்லாம் மூடிப்போச்சு. கொஞ்சம் தாமதமாயிருந்தா இந்தப் பதிவே இல்ல.

அமெரிக்காவுல மேரிலாந்து மாநிலம் பால்டிமோர் துறைமுக ஊருக்கு வந்து சேர்ந்தாங்க. கையில கொண்டு வந்த சொத்துன்னா, கையால சுத்தற ஒரு சின்ன மசாலா அரவை மெஷின்.

இதை நான் கொஞ்சம் யோசிச்சுப் பார்த்தேன். கடை போச்சு, ஊர் போச்சு, மொழி போச்சு. ஊரையே விட்டு ஓடறப்போ எவ்வளவோ சாமான் இருக்க, மனுஷன் மெஷினைத் தூக்கிட்டு வந்திருக்கார். எந்த மசாலாவுல எது எவ்வளவு போடணும்ங்கற கணக்கு அவர் தலைக்குள்ள இருந்துது. அதைப் பறிமுதல் பண்ண எந்த அதிகாரியாலயும் முடியாதில்லையா? அரைக்க ஒரு மெஷின் மட்டும்தான் பாக்கி.

மீன் மார்க்கெட் எதிர்ல

பால்டிமோர் ஏற்கெனவே மசாலா ஊர். 1889ல வில்லோபி மெக்கார்மிக்ங்கறவர் எசன்ஸ்களை வீடு வீடா வித்து ஆரம்பிச்ச கம்பெனி அப்போ துறைமுகத்துலயே பெரிய கட்டடமா நின்னுக்கிட்டு இருந்துது. அந்தப் பக்கம் போனா பட்டை வாசனை வரும்னு பழைய ஊர்க்காரங்க சொல்வாங்க.

மசாலா தெரிஞ்ச மனுஷன், மசாலாக் கம்பெனி. புருனுக்கு மெக்கார்மிக்ல வேலை கிடைச்சுது. ஆனா சில நாள்தான் நிலைச்சுது. யூதர்னு தெரிஞ்சதும் வேலையை விட்டு அனுப்பிட்டாங்கன்னு அவரோட மகன் பிற்காலத்துல சொல்லியிருக்கார். ஹிட்லர்கிட்ட இருந்து தப்பி வந்த ஆளுக்கு அமெரிக்காவுல கிடைச்ச வரவேற்பு இது.

1939ல புருன் சொந்தமா கடை போட்டார். பேரு பால்டிமோர் ஸ்பைஸ் கம்பெனி. இடம், மொத்த மீன் மார்க்கெட்டுக்கு எதிர்ல. (அந்த மார்க்கெட் கட்டடத்துல 1998ல இருந்து குழந்தைகள் மியூசியம் நடக்குது.) பழைய தொழில் மாதிரியே இறைச்சிக் கம்பெனிகளுக்கு மசாலா கலந்து கொடுக்கறதுதான் திட்டம்.

ஆனா கடைக்கு வந்தது நண்டு வியாபாரிங்க! செசபீக் விரிகுடாவுல கிடைக்கற நீல நண்டு அந்த ஊர்ல கொட்டிக் கெடக்கும். சாராயக் கடைகள்ல சும்மாவே கொடுப்பாங்களாம். காரமும் உப்புமா நண்டு தின்னா தாகம் எடுக்கும், இன்னும் ரெண்டு பியர் போகும், அந்த வியாபாரத் தந்திரம்தான். நண்டு ஆவியில வேகும்போது மேல தூவறதுக்கு ஆளாளுக்கு ஒரு கலவை வெச்சிருந்தாங்க. உப்பு, மிளகு, மிளகாய், கடுகு வாங்க எதிர்க்கடைக்கு வந்தாங்க.

புருன் கவனிச்சார். இவங்க கலவையை விட நல்லதா நம்மால பண்ண முடியும்னு தோணியிருக்கு. நண்டையே பார்த்துப் பழக்கமில்லாத ஒரு உள்நாட்டு ஜெர்மன்காரர் நண்டு மசாலா கலக்க உக்காந்தார். மதப்படி யூதர்கள் நண்டு சாப்பிடக் கூடாதுங்கறது இதுல இன்னொரு வேடிக்கை.

அவர் பண்ணினதுல ஒரு புத்திசாலித்தனம் உண்டு. நண்டுக்கு வேண்டிய முக்கியமான சாமான்களோட பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் மாதிரி நண்டுக்குச் சம்பந்தமே இல்லாத சாமான்களையும் துளித்துளியா சேர்த்தார். நோக்கம், போட்டிக்காரங்க மோந்து பார்த்துக் கண்டுபிடிக்கக் கூடாதுங்கறது. அவர் மகனே இதைச் சொல்லியிருக்கார். நம்ம பாஷையில சொன்னா கோடை அப்ஃபஸ்கேட் பண்ணிட்டார்! இதுல தமாஷ் என்னன்னா, யாரையோ குழப்பறதுக்காகச் சேர்த்த அந்தத் துளிகள்தான் கடைசியில அந்த மசாலாவோட தனி ருசியா ஆயிடுச்சாம்.

ஆரம்பத்துல யாரும் சீந்தலை. நண்டுக்காரங்க பழகின கலவையை விட்டு வர மாட்டேன்னுட்டாங்க. சாம்பிள் கொடுத்து, ஒருத்தர் ரெண்டு பேர் திரும்பி வந்து கேட்டு, அப்படித்தான் மெதுவா நகர்ந்துது.

பேர்ல ஒளிஞ்சிருந்த கப்பல்

முதல்ல வெச்ச பேரு 'டெலிஷியஸ் பிராண்ட் இறால், நண்டு மசாலா'. படிக்கும்போதே கொட்டாவி வருதா? வாங்கினவங்களுக்கும் வந்திருக்கும். அப்புறம் மாத்தின பேருதான் 'ஓல்டு பே'. மஞ்சள் டப்பா, நீல எழுத்து.

அந்தப் பேர் வந்தது ஒரு கப்பல் கம்பெனியில இருந்து. 1840ல தொடங்கின பால்டிமோர் ஸ்டீம் பாக்கெட் கம்பெனியை ஊர்ல எல்லாரும் 'ஓல்டு பே லைன்'னுதான் கூப்பிடுவாங்க. பால்டிமோர்ல இருந்து வர்ஜீனியாவுல இருக்கிற நார்ஃபோக் வரைக்கும் ராத்திரிக் கப்பல் ஓட்டினவங்க. 1962ல மூடிட்டாங்க. இன்னிக்கு அந்தக் கப்பல் கம்பெனியை யாருக்கும் தெரியாது, டப்பாவைத் தெரியாத ஆளே அங்க கிடையாது.

இங்கதான் ஒரு விஷயம் படிச்சு அப்படியே நிமிர்ந்து உக்காந்தேன். அந்தக் கம்பெனியோட முக்கியமான கப்பல் ஒண்ணு, பேரு 'பிரசிடென்ட் வார்ஃபீல்டு'. 1928ல கட்டினது. இரண்டாம் உலகப் போர்ல ராணுவ வேலைக்குப் போய்த் திரும்பி, பழைய இரும்பு விலைக்கு வந்த அந்தக் கப்பலை, முகாம்கள்ல தப்பிப் பிழைச்ச யூதர்களைப் பாலஸ்தீனத்துக்குக் கொண்டு போறதுக்காக யூத இயக்கத்துக்காரங்க வாங்கினாங்க. 1947 ஜூலையில 4,500 பேருக்கு மேல ஏத்திக்கிட்டு பிரான்ஸ்ல இருந்து கிளம்புச்சு. பிரிட்டிஷ் கடற்படை மடக்கி, அந்த ஜனங்களை மறுபடி ஜெர்மனிக்கே கொண்டு போய் இறக்கினாங்க. உலகமே அதைப் பார்த்துக் கொதிச்சுது. அந்தப் பயணத்துக்கு அவங்க கப்பலுக்கு மாத்தி வெச்ச பேரு 'எக்ஸோடஸ் 1947'. சரித்திரப் புத்தகத்துல நிக்கற பேரு.

புக்கன்வால்ட்ல இருந்து வந்தவர் தன் உப்புக்கு ஒரு உள்ளூர்க் கப்பல் கம்பெனி பேரை வைக்கிறார். அதே கம்பெனியோட கப்பல்தான் அவரை மாதிரி தப்பினவங்களைச் சுமந்துக்கிட்டுப் போயிருக்கு. இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யல. கதையில எழுதினா "ஓவரா இருக்கு"ன்னு திட்டுவீங்க.

லேபிளும் கொஞ்சம் கணக்கும்

கொஞ்ச காலம் ஆன்சைட்ல மேரிலாந்துப் பக்கம் ஆணி புடுங்கிக்கிட்டு இருந்தேன். நான் இருந்த அப்பார்ட்மென்ட் கிச்சன்ல முன்னாடி தங்கினவங்க விட்டுட்டுப் போன மஞ்சள் டப்பா ஒண்ணு இருந்துது. உருளைக்கிழங்கு வறுவல் மேல தூவினா அட்டகாசமா இருக்கும். லேபிளைப் படிக்கற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. உப்பு, செலரி விதை, மசாலாக்கள் (சிவப்பு மிளகாய், மிளகு உட்பட), பாப்ரிகா. அவ்வளவுதான். மத்த சாமான் எல்லாம் 'மசாலாக்கள்'ங்கற ஒரே சொல்லுக்குள்ள ஒளிஞ்சுக்கிச்சு.

இந்தச் செலரி விதை நம்ம ஓமத்துக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். உலகச் சந்தைக்கு அதை அதிகமா அனுப்பறதே இந்தியாதான், பஞ்சாப்ல விளையுது. ஆக, அமெரிக்க நண்டு மேல விழற வாசனையில நம்ம நாட்டு வயலுக்கும் ஒரு பங்கு இருக்கு.

அமெரிக்கச் சட்டப்படி சாமான்களை எடை வரிசையில எழுதணும், ஆனா மசாலா வகைகளைத் தனித்தனியா பேர் சொல்ல வேண்டியதில்ல. பாப்ரிகா, மஞ்சள், குங்குமப்பூ மூணும் விதிவிலக்கு. இதெல்லாம் நிறமும் கொடுக்கறதால வெறுமனே மசாலான்னு சொல்லி மறைக்கக் கூடாது. லாரீஸ் டப்பாவுல மஞ்சள் மாட்டிக்கிட்டது இப்படித்தான். புருனோட ரகசியத்தைக் காப்பாத்தினதும் இதே சட்டம்தான்.

உப்பு எவ்வளவுன்னும் பார்த்துடலாம். உப்போட எடையில சோடியம் சுமார் 39 சதவீதம். லாரீஸ் லேபிள்ல 1.2 கிராமுக்கு 380 மில்லிகிராம் சோடியம்னு போட்டிருக்கும். அப்போ டப்பாவுல ஏறக்குறைய 80 சதவீதம் வெறும் உப்பு. ஓல்டு பேயில 0.6 கிராமுக்கு 140 மில்லிகிராம். கணக்குப் போட்டா 60 சதவீதத்துக்குக் கிட்ட. லேபிள் எண்கள் ரவுண்ட் பண்ணினது, அதனால தோராயம்தான். ஆனா விஷயம் புரியுது இல்லையா? டப்பாவுல முக்கால்வாசி திண்ணையில கெடந்த அதே உப்பு. மிச்சக் கால்வாசியிலதான் மனுஷன் இருக்கான்.

எங்க அம்மாகிட்ட பருப்புப் பொடிக்கு அளவு கேட்டா "கண்ணளவுதான்டா"ம்பாங்க. அந்தக் கண்ணளவுதான் இங்க சரக்கு.

ஆனா அந்தச் சரக்குக்குச் சட்டத்துல பாதுகாப்பு ரொம்பக் குறைச்சல். இன்னது இவ்வளவுன்னு எழுதின சாமான் பட்டியலுக்கு அமெரிக்காவுல காப்புரிமை கிடையாது. பேட்டன்ட் எடுக்கணும்னா எல்லாத்தையும் வெளிய சொல்லணும், சில வருஷத்துல காலாவதியும் ஆயிடும். மிஞ்சறது ரெண்டே வழி. வாயை மூடிக்கிட்டு ரகசியமா வைக்கறது, பேரைப் பதிவு பண்ணிக்கறது. அதனாலதான் போட்டி சுலபமா முளைக்கும். 1945ல பால்டிமோர்லயே ஜே.ஓ. ஸ்பைஸ்னு ஒரு கம்பெனி வந்துது. மேரிலாந்துல நண்டு ஹோட்டல்கள்ல தூவறது பெரும்பாலும் ஓல்டு பேன்னு வெளியூர்க்காரங்க நினைப்பாங்க. உண்மையில அங்க பல கடைகள் ஜே.ஓ.தான் வாங்கறாங்க. அதுல உப்பு பெருவெட்டா இருக்கும், நண்டு ஓட்டுல நல்லா ஒட்டும். ஓல்டு பேயோட கோட்டை வீட்டுச் சமையல்கட்டு.

ரகசியத்தை அச்சடிச்ச தாத்தா

மூணாவது ஆள் இதுக்கு நேர் எதிர். டோனி சாஷரி, லூயிசியானா மாநிலத்துல ஓப்பலூசாஸ்ங்கற ஊர். 1905ல பிறந்தவர். மருந்து மொத்த வியாபாரம் பண்ணி, ரிட்டயர் ஆகி, சும்மா இருக்க முடியாம இன்ஷூரன்ஸ் வித்து, அதுலயும் கொடி கட்டி, மறுபடி ரிட்டயர் ஆனவர். சமையல் பைத்தியம். 1972ல தன் ஊர்ச் சமையலை வெச்சு ஒரு புத்தகம் போட்டார். அதுல அவரோட மசாலா உப்புக்கான அளவும் இருந்துது. புத்தகம் வாங்கினவங்க "நீங்களே கலந்து கொடுங்க தாத்தா"ன்னு கேக்க, 67 வயசுல கம்பெனி ஆரம்பிச்சார்.

கவனிங்க, அளவு புத்தகத்துலயே இருக்கு. 26 அவுன்ஸ் உப்பு டப்பா ஒண்ணு. மிளகு, மிளகாய், பூண்டுப் பொடி வகையறா எல்லாம் சேர்த்து ஆறரை அவுன்ஸ். கணக்குப் போட்டா இதுவும் சரியா 80 சதவீதம் உப்பு! இன்னிக்குக் கடையில விக்கற டப்பாவுல சில மாற்றம் உண்டு, புத்தகத்துல இருந்த எம்.எஸ்.ஜி. இப்போ இல்ல. ஆனா அடிப்படை ஊருக்கே தெரியும். தெரிஞ்சும் ஜனங்க பச்சை டப்பாவைத்தான் வாங்கறாங்க.

சாஷரி 1995ல காலமானார். கம்பெனி இன்னும் அந்தக் குடும்பத்துக்கிட்ட, அதே ஓப்பலூசாஸ்லதான் இருக்கு.

ரகசியம் காத்த புருனோட டப்பா ஊரைப் பிடிச்சுது. ரகசியத்தைப் போட்டு உடைச்ச சாஷரியோட டப்பாவும் ஊரைப் பிடிச்சுது. அப்போ ரகசியம்ங்கறது நாம நினைக்கற அளவுக்குப் பெரிய விஷயம் இல்ல போல. நாளைக்கும் அதே அளவுல, அதே ருசியில கிடைக்கும்ங்கற நம்பிக்கையைத்தான் ஜனங்க காசு கொடுத்து வாங்கறாங்க. கண்ணளவுல வராத ஒண்ணு அது.

யார் யாரை வாங்கினாங்க

இனி கணக்கு முடிக்கற இடம்.

லாரீஸ் உப்புக் கம்பெனி 1979ல யூனிலீவர் குழுமத்தோட லிப்டன் கைக்குப் போச்சு. 2008ல அதை 60.5 கோடி டாலர் கொடுத்து மெக்கார்மிக் வாங்கினாங்க. மெக்கார்மிக்கிட்ட ஏற்கெனவே 'சீசன் ஆல்'னு ஒரு மசாலா உப்பு இருந்துது. ரெண்டும் ஒரே கையில இருந்தா மசாலா உப்புச் சந்தையில போட்டியே இருக்காதுன்னு சொல்லி, அமெரிக்க வர்த்தக ஆணையம் சீசன் ஆலை வித்துடச் சொல்லுச்சு. அதை வாங்கினது யாரு? குடைக்காரப் பொண்ணு, மார்ட்டன் சால்ட்! உப்புக்கும் மிளகாய்த்தூளுக்கும் நடந்த இந்த விசாரணையைப் படிச்சப்போ சிரிப்பும் வந்துது, மரியாதையும் வந்துது.

சரி, ஓல்டு பே? 1989ல மெக்கார்மிக் துறைமுகத்துல இருந்த பட்டை வாசனைக் கட்டடத்தை இடிச்சாங்க. அடுத்த வருஷம், 1990ல, ஓல்டு பேயை வாங்கினாங்க. எந்தக் கம்பெனியில புருனால சில நாளுக்கு மேல நிலைக்க முடியலையோ, அதே கம்பெனி, 51 வருஷம் கழிச்சு, அவர் கலவைக்குக் காசு கொடுத்துச்சு.

அவர் ஆரம்பிச்ச பால்டிமோர் ஸ்பைஸ் கம்பெனி என்ன ஆச்சுன்னா, அதை ஃபூக்ஸ்ங்கற மசாலாக் குழுமம் எடுத்துக்கிச்சு. அது எந்த நாட்டுக் கம்பெனி தெரியுமா? ஜெர்மனி.

படிச்ச உடனே "எல்லாம் போச்சே"ன்னுதான் தோணுச்சு. துரத்தினவன் நாட்டுக்காரங்க கம்பெனியை வாங்கிட்டாங்க, வேலையை விட்டு அனுப்பினவங்க டப்பாவை வாங்கிட்டாங்க. ஆனா இன்னொரு மாதிரியும் பார்க்கலாம். ஃபூக்ஸ் 1950கள்ல ஆரம்பிச்ச கம்பெனி, போருக்கு முந்தின பாவத்துல அதுக்குப் பங்கில்ல. மெக்கார்மிக்கும் டப்பாவை வாங்கி மூடி வைக்கல. இன்னிக்கு மேரிலாந்துக்காரங்களுக்கு அது மசாலா மட்டும் இல்ல, ஊர் அடையாளம். மஞ்சள் டப்பா படம் போட்ட டி-ஷர்ட், தொப்பி, பச்சை குத்திக்கறவங்க கூட உண்டு. 2020 ஜனவரியில அதே பேர்ல ஒரு ஹாட் சாஸ் விட்டாங்க. இன்டர்நெட்ல ஒரு மணி நேரத்துக்குள்ள மொத்தமும் தீர்ந்துடுச்சு.

இதுல நியாயம் நடந்துச்சான்னு என்னால சொல்ல முடியல. மெக்கார்மிக் கொடுத்த காசு 1939ல நடந்ததுக்குப் பரிகாரம் இல்ல, அது வெறும் வியாபாரம். ஒண்ணு மட்டும் நிச்சயம். பெரிய ஆராய்ச்சிக்கூடம் வெச்சிருந்த கம்பெனி, பக்கத்துத் தெரு மனுஷன் கண்டுபிடிச்ச அளவைத் தானே கண்டுபிடிச்சுக்க முடியாம, அரை நூற்றாண்டு கழிச்சு விலை கொடுத்துத்தான் வாங்கிச்சு. சாமான் எல்லாம் அவங்க கோடவுன்லயும் இருந்துதுதான். அளவும் பேரும்தான் இல்ல.

மேரிலாந்துல கோடைக்காலத்துல மேஜை மேல நியூஸ் பேப்பர் விரிச்சு, வெந்த நண்டைக் கொட்டி, மரச் சுத்தியால உடைச்சுச் சாப்பிடுவாங்க. விரல் எல்லாம் சிவப்பா மசாலா ஒட்டியிருக்கும், சப்பிக்கிட்டே பேசுவாங்க. அந்த மேஜையில உக்காந்திருக்கிற யாரும் புருன் பேரைச் சொல்லி நான் கேட்டதில்ல. ஆனா அவர் யாருக்கும் தெரியாம ஒளிச்சு வெச்ச ஜாதிக்காய்த் துளி ஒவ்வொரு நாக்குக்கும் தெரியும்.

டிஸ்கி 1: ஒரு டப்பா மசாலா உப்பு வாங்கினா சமையல்ல தனியா உப்பு போடறதை நிறுத்திடுங்க. 80 சதவீதம் ஞாபகம் இருக்கட்டும். பி.பி. மாத்திரை போடறவங்க டப்பாவைத் தூர இருந்தே ரசிக்கலாம்.

டிஸ்கி 2: உங்க வீட்டுல கண்ணளவுலயே ஓடிக்கிட்டு இருக்கிற பொடி ஏதாவது இருந்தா, ஒரு தடவை தராசு வெச்சு அளந்து எழுதி வைங்க. பின்னூட்டத்துல அளவைச் சொல்லணும்னு அவசியமில்ல. எழுதியாச்சுன்னு மட்டும் சொல்லுங்க, போதும்.